காரணம் எழுதாமல் தீவிரத்தை மாற்றாதீர்கள்: டெபியன் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற இயங்குதளமான டெபியனில் வழு (மென்பொருள் பிழை) பதிகிற நண்பர்களுக்கும், அதன் பேக்கேஜ்களை (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களை) பார்த்துக்கொள்கிற சக பராமரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். நானும் இன்னொருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிற ஒரு சின்ன பேக்கேஜில் ஒரே ஒரு வழு, அதைப் பற்றி ஐந்து மடல்கள். ஐந்தும் வழுப் பதிவேடு தானாக அனுப்பியவை. வழு எவ்வளவு மோசம் என்று சொல்லும் தீவிர நிலை நார்மலில் இருந்து சீரியஸ் ஆக்கப்பட்டது. சீரியஸில் இருந்து மைனர் ஆக்கப்பட்டது. மறுபடி சீரியஸ். மறுபடி மைனர். கடைசியாக ஒருவர் கிரேவ் என்றே போட்டிருந்தார். இரண்டு நாளில் மூன்று பேர் சேர்ந்து இதைச் செய்திருக்கிறார்கள், ஏன் மாற்றினேன் என்று ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

வழு பதிந்தவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அப்கிரேட் செய்தேன், என் செட்டிங் எல்லாம் போய்விட்டது." என் கூட்டாளி அதைப் படித்துவிட்டு, யாரோ தன் கணினியில் எதையோ நோண்டி வைத்திருக்கிறார், அது உடைந்துபோனது என்று எடுத்துக்கொண்டார். பதிந்தவரோ, இவர்கள் நம்மைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அன்று ராத்திரி நான் கேட்டது ஒரே கேள்வி: எந்த ஃபைல் போனது? பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பேக்கேஜ் நிறுவப்படும்போது ஓடுகிற எங்கள் ஸ்கிரிப்ட், அவர் கைப்படத் திருத்தி வைத்திருந்த கான்ஃபிக் ஃபைலின் மேலேயே புதிதாக எழுதிக்கொண்டிருந்தது. பேக்கேஜ்களுக்கான விதிப் புத்தகமான டெபியன் பாலிசியில் இதற்கு இரண்டு பேச்சே கிடையாது. பயனர் கான்ஃபிக் ஃபைலில் செய்த மாற்றங்கள் அப்கிரேடுக்குப் பிறகும் கட்டாயம் அப்படியே இருக்க வேண்டும், பாலிசி 'கட்டாயம்' என்று சொல்வதை மோசமாக மீறினால் அது சீரியஸ். ஆக, பதிந்தவர் முதலில் சீரியஸ் என்று மாற்றியது சரி. திருத்தம் ஆறு வரி. முதல் நாளே யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலோ, அவர் சீரியஸ் என்று மாற்றும்போது அந்த ஃபைலின் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தாலோ விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதைப் பல வருடமாகப் பார்க்கிறேன், நானும் செய்திருக்கிறேன். இனிமேலாவது நிறுத்துவோம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டெபியனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம், மற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். நம்மிடம் ஏழு நிலைகள் இருக்கின்றன: கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இம்பார்ட்டன்ட், நார்மல், மைனர், விஷ்லிஸ்ட். மேலே உள்ள மூன்றும் வெளியீட்டையே தடுக்கக்கூடியவை. அந்த மூன்றில் ஒன்று புதிய பதிப்பின் மேல் மட்டும் விழுந்துவிட்டால், புதியவை முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிளில் இருந்து, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்குக்கு அந்தப் பதிப்பு நகராது. ஏற்கெனவே டெஸ்டிங்கில் இருக்கிற பதிப்பிலும் அதே வழு இருந்தால், சில வாரங்களில் அந்த பேக்கேஜை டெஸ்டிங்கில் இருந்து தானாக நீக்கும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அதை நம்பியிருக்கிற பேக்கேஜ்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. நீக்கக் கூடாத முக்கியமானவை என்று ஒரு பட்டியல் தனியாக உண்டு, நம்மில் பெரும்பாலோரின் சின்ன பேக்கேஜ்கள் அதில் இல்லை. நீங்கள் பார்த்துக்கொள்ளாத, ஆனால் உங்கள் பேக்கேஜ் நம்பியிருக்கிற ஒரு லைப்ரரியில் யாரோ ஒருவர் கிரேவ் என்று போட்டதற்கு, "உங்கள் பேக்கேஜும் நீக்கப்படும்" என்று உங்களுக்கு மடல் வந்திருக்கும், வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் என்ற கருவியை வைத்திருக்கிறவர்களுக்கோ, நிறுவும் நேரத்தில் அந்த வழுவைக் காட்டி, தொடரட்டுமா என்று கணினி கேட்கும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலம். அதை மாற்ற என்ன வேண்டும்? ஒரு மின்னஞ்சல் போதும். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், டெபியன் உறுப்பினராகக்கூட இருக்க வேண்டாம். வழு எண்ணையும் புதிய நிலையையும் ஒரே வரியில் எழுதி வழுப் பதிவேட்டின் கட்டளை முகவரிக்கு அனுப்பினால் மாறிவிடும். இந்தத் திறந்த கதவு எனக்குப் பிடிக்கும், அதை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. எத்தனையோ தடவை, பராமரிப்பாளர் ஊரில் இல்லாத நேரத்தில் யாரோ ஒரு பயனர் சரியான நிலையைப் போட்டு, உடைந்த பேக்கேஜ் டெஸ்டிங்குக்குப் போகாமல் தடுத்திருக்கிறார். என் புகார் கட்டளை முகவரிக்கு மட்டும் போகிற அந்த ஒற்றை வரி மடலைப் பற்றி. அது வழுவின் பக்கத்தில் "இன்னார் கேட்டதால் மாற்றப்பட்டது" என்ற தடயத்தை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. எதற்காக என்று ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது, சில சமயம் மாற்றியவருக்கே ஞாபகம் இருக்காது.

முதலில் வழு பதிகிறவர்களிடம் பேசுகிறேன்.

"சீரியஸ் போட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்" என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் அப்படி நினைத்தவன்தான். நார்மல் என்று போட்ட வழு நான்கு வருடம் பதிலில்லாமல் கிடக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எதிர்ப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டெபியனின் அரசியலமைப்பே, யாரும் இந்தத் திட்டத்துக்கு வேலை செய்தாக வேண்டும் என்ற கடமை இல்லை என்று எழுதி வைத்திருக்கிறது. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, மிச்சம் இருக்கும் ஒரு மணி நேரத்தில் உட்காருகிறவர் முதலில் பார்ப்பது அந்த மூன்று மேல் நிலைகளைத்தான். அங்கே உங்கள் பட்டன் நிறம் மாறிய வழு நின்றால், நிஜமாகவே ஒருவருடைய ஃபைலை அழிக்கிற வழு அன்றைக்குப் பின்னால் போகும். இரண்டு மூன்று தடவை இப்படி ஏமாந்த பராமரிப்பாளர் அடுத்த முறை சீரியஸ் என்ற சொல்லையே நம்ப மாட்டார்.

வெளியே இருந்து வரும் மதிப்பெண்களால் என்ன ஆகிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இணையத்தில் இருந்து தரவை எடுத்துத் தரும் கர்ல் மென்பொருளில், தோற்றுப்போன வேண்டுகோளை எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப முயல வேண்டும் என்று சொல்லும் ஒரு தேர்வு உண்டு. அதில் மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால் கணக்கு நிரம்பி வழிந்து, காத்திருக்கும் நேரம் தப்பாகிவிடும். 2019-லேயே திருத்திவிட்டார்கள், பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2023-ல் திடீரென்று அதற்கு சிவிஇ-2020-19909 என்று, பாதுகாப்புக் குறைகளுக்குக் கொடுக்கும் அடையாள எண் ஒன்று வந்தது, அமெரிக்க அரசின் வழுத் தரவுத்தளம் பத்துக்கு 9.8 என்று மதிப்பெண் போட்டது. கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் வெளிப்படையாக எழுதிப் போராடிய பிறகு அது 3.3-க்கு இறங்கியது. அடுத்த வருடமே கர்ல் திட்டம் தன் மென்பொருளுக்கான சிவிஇ எண்களைத் தானே வழங்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டது. அவருக்குக் குரல் இருந்தது, ஊர் கேட்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் உலகில் ஐபி என்ற சின்ன பேக்கேஜ், அப்போது வாரத்துக்கு ஒன்றரைக் கோடி தடவைக்கு மேல் பதிவிறக்கம் ஆனது. சில விசித்திரமான வடிவில் எழுதப்பட்ட தனியார் முகவரிகளை அது பொது முகவரி என்று சொல்லிவிடும். வழுதான், மறுக்கவில்லை, ஆனால் அதற்கும் 9.8 போட்டார்கள். தங்கள் பாதுகாப்புச் சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்று ஆட்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்க, 2024 ஜூனில் அதன் ஆசிரியர் களஞ்சியத்தையே படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டார். அதற்கு அப்புறம்தான் மதிப்பெண் குறைக்கப்பட்டது. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் எண்ணைப் போட்டவர் யார், என்ன சோதித்துப் பார்த்தார் என்று தெரியாமலே அந்த எண்ணோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு சோர்வு என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது பராமரிப்பாளர்களே, நம் பக்கம்.

என் முதல் வழுப் பதிவைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது நான் வெறும் பயனர். சாதா எழுத்துக் கோப்பை பிடிஎஃப் ஆக்கித் தருகிற ஒரு சின்ன நிரலில் தமிழ் சிதறியது. 'கொடி' என்று அடித்தால், க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு க-வுக்குப் பின்னால் போய், துணைக்காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. 'கோ', 'கௌ' எல்லாவற்றுக்கும் அதே கதி. ஒரு பள்ளிக்கூடத்துக்காக வினாத்தாள் அடிக்கப் போய் அகப்பட்டுக்கொண்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்கும்படி வரவில்லை. கோபத்தில் கிரேவ் என்று போட்டேன், "இந்த பேக்கேஜைப் பயன்படுத்தவே முடியாது" என்று எழுதினேன். மறுநாள் அது மைனர் ஆனது. பராமரிப்பாளரிடம் இருந்து ஒரு வார்த்தை இல்லை. மூன்று வருடம் அப்படியே கிடந்தது.

பிற்பாடு நானே பேக்கேஜ் பார்க்க ஆரம்பித்து, நிலைகளின் விளக்கத்தை உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் இரண்டு பேருமே தப்பு. கிரேவ் என்றால் அந்த பேக்கேஜ் பயன்படவே இல்லை, அல்லது பெரும்பாலும் பயன்படவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது, ஆக என் சொல் செல்லாது. மைனர் என்றால் பேக்கேஜின் பயனைப் பாதிக்காத, திருத்துவதற்கு எளிதான சங்கதி. தமிழில் ஒரு வார்த்தைகூட ஒழுங்காக வராததை அப்படிச் சொல்லவே முடியாது, அவர் சொல்லும் செல்லாது. நடுவில் இம்பார்ட்டன்ட் என்று ஒன்று இருக்கிறது. அதன் விளக்கம், பயன்பாட்டைப் பெரிதும் பாதிக்கிற, ஆனால் எல்லோருக்கும் முழுக்கப் பயனற்றதாக ஆக்கிவிடாத வழு என்பது. 'எல்லோருக்கும்' என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் வழக்கு முழுக்க அடங்கியிருந்தது. சிலருக்கு முழுக்கப் பயனில்லை, மற்றவர்களுக்குக் குறையே இல்லை என்ற நிலைமைக்கென்றே யாரோ யோசித்து எழுதி வைத்த நிலை அது. தமிழ், கெமர், அரபி என்று சிக்கலான எழுத்துக்காரர்கள் வந்து சொல்லும் வழுக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் போய் உட்கார வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவை மைனரிலும் விஷ்லிஸ்ட்டிலும் கிடப்பதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். மொழிபெயர்ப்புக் கோப்புகளை விஷ்லிஸ்ட் என்று பதிவது நம் வழக்கம், அது சரியும்கூட. அந்தப் பழக்கத்தில், மொழி சம்பந்தப்பட்ட எதுவானாலும் விஷ்லிஸ்ட் என்று கை போய்விடுகிறது. எழுத்தே தெரியாமல் போவது ஆசைப் பட்டியலில் சேர்கிற விஷயம் இல்லை.

பராமரிப்பாளருக்குத் தன் பேக்கேஜ் நன்றாகத் தெரியும் என்பது உண்மை. அதற்காக அவர் இறக்கியது எப்போதும் சரி என்று ஆகிவிடாது. 2006-ல் நம் டெபியனில்தான் நடந்தது: குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், நினைவகச் சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியது என்பதற்காக இரண்டு வரிகள் எடுக்கப்பட்டன. எடுப்பதற்கு முன் அந்தத் திட்டத்தின் ஆட்களிடம் கேட்கவும் செய்தார்கள். பார்வைக்கு அது ஓர் எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துகிற சின்ன வேலை, யாரைக் கேட்டிருந்தாலும் மைனர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2008 மே மாதம் உண்மை வெளியே வந்தபோது, அந்த இரண்டு வருடத்தில் டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் ஓபன்எஸ்எஸ்எல் வழியாக உருவான குறியாக்கச் சாவிகள் எல்லாம் ஊகிக்கக்கூடியவை என்று தெரிந்தது. தற்செயல்தன்மைக்கு மிஞ்சியிருந்தது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் புரோசஸ் எண் மட்டுமே, ஒவ்வொரு வகை சாவிக்கும் வெறும் 32,767 வாய்ப்புகள். உலகம் முழுக்க ஆட்கள் சாவிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இதை நான் எடுத்துச் சொல்வது யாரையும் குத்திக்காட்ட இல்லை. ஒரு வழு எவ்வளவு பெரியது என்பது அன்றைக்கு நமக்குத் தெரிந்ததை வைத்துச் செய்கிற கணிப்பு, நாளைக்கு மாறலாம், மாறட்டும். ஆனால் அன்றைக்கு நமக்கு என்ன தெரிந்திருந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் நாளைக்கு வருகிறவரால் அதைத் திருத்த முடியும்.

இறக்குவதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கும் அதே ஓபன்எஸ்எஸ்எல்தான் எனக்கு உதாரணம். 2022 அக்டோபர் 25 அன்று, ஒரு வாரத்தில் கிரிட்டிக்கல் திருத்தம் வருகிறது என்று அறிவித்தார்கள். நிர்வாகிகள் எல்லாம் தூக்கம் கெட்டுக் காத்திருந்தார்கள். நவம்பர் 1 அன்று திருத்தத்தை வெளியிட்டபோது அதை ஹை என்று ஒரு படி இறக்கியிருந்தார்கள். திட்டு வாங்கினார்கள்தான். ஆனால் ஏன் இறக்கினோம் என்று விளக்கமாக எழுதினார்கள்: சில லினக்ஸ் வெளியீடுகளில் ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி வழிந்து விழும் நான்கு பைட்டும் இன்னும் பயன்பாட்டுக்கு வராத பக்கத்து இடத்தில்தான் விழுகிறது, நவீன இயங்குதளங்கள் பலவற்றில் இதற்கென்றே தடுப்பு இருக்கிறது, அதனால் தாக்குகிறவர் தன் நிரலை ஓட்டுவது கடினம் என்று. அதைப் படித்த பிறகு, ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கும் எந்த இடத்தில் மறுக்க வேண்டும் என்று தெரிந்தது. நமக்குள் நடக்கிற சண்டைகளில் அந்த இடம்தான் கிடைப்பதில்லை.

சில சண்டைகளில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். மூலநிரலில் இருந்து பேக்கேஜ் பில்ட் ஆகவில்லை, அதாவது கட்ட முடியவில்லை என்ற வழுவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பில்ட் இயந்திரங்களில் தோற்றால் சீரியஸ், அதில் சச்சரவு இல்லை. ஒரே ஒரு சிபியு உள்ள கணினியில் மட்டும் தோற்கிறது, அல்லது பத்தில் ஒரு தடவை தோற்கிறது என்றால்? "எங்கள் இயந்திரத்தில் ஓடுகிறதே" என்பார் பராமரிப்பாளர். "மூலநிரலை வைத்து நானே கட்டிக்கொள்ளலாம் என்பதுதானே கட்டற்ற மென்பொருள், என்னால் கட்ட முடியவில்லையே" என்பார் பதிந்தவர். இது பல முறை வந்த சண்டை, தொழில்நுட்பக் குழு வரைக்கும் போயிருக்கிறது. நானாக இருந்தால் இம்பார்ட்டன்ட் என்று வைப்பேன், பேட்ச் வந்தால் அன்றைக்கே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் ஒற்றை சிபியுவில் மட்டும் விழுகிற சோதனைக்கு அடியில் பெரும்பாலும் வேறொரு நிஜ வழு பதுங்கியிருக்கும். நீங்கள் சீரியஸ் என்று வாதிட்டால் கேட்டுக்கொள்வேன். நான் வழுவின் பக்கத்தில் இதை எழுதியிருந்தால்தான் உங்களால் வாதிடவே முடியும், அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நிலையை மாற்றும்போது மடலைக் கட்டளை முகவரிக்கு மட்டும் அனுப்பாதீர்கள், வழு எண்ணுக்கே அனுப்புங்கள். மடலின் உச்சியில் 'கன்ட்ரோல்' என்று தொடங்கும் ஒரு வரி எழுதினால் பதிவேடு அதையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும், கீழே நீங்கள் எழுதுவது வழுவின் பக்கத்தில் நிற்கும். ஏற்றுகிறவர் யாருக்கு, எப்போது, என்ன ஆகிறது என்று இரண்டு வரி எழுதட்டும், பாலிசியில் இடம் தெரிந்தால் அதையும் சேர்க்கட்டும். இறக்குகிறவர் ஏன் இறக்குகிறேன், என்ன காட்டினால் மறுபடி ஏற்றுவேன் என்று எழுதட்டும். முதல் முறை பதிகிறவர்கள், சந்தேகம் இருந்தால் நார்மலில் விட்டுவிடுங்கள், அதனால் குறைந்துபோக மாட்டீர்கள். ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கிவிட்டால், அதற்கு மேல் அந்த இரண்டு பேரும் நிலையைத் தொடாமல் பேசட்டும். பேசித் தீராவிட்டால், வெளியீட்டைத் தடுக்கும் நிலையா இல்லையா என்று சொல்ல வெளியீட்டுக் குழு இருக்கிறது. அவர்களிடம் போகும்போதும் நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிதான் கையில் இருக்கும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தானாக நீக்கும் அந்தக் கடிகாரம், வழுவில் யாராவது எழுதினால் தள்ளிப்போகும். காரணம் எழுதுகிற நேரத்திலேயே உங்கள் பேக்கேஜுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

வெளியீட்டுக்கு முன் மாற்றங்களை நிறுத்திவைக்கும் ஃப்ரீஸ் காலத்தில் இதெல்லாம் முடியாது, அப்போது எல்லோரும் பறந்துகொண்டிருப்போம் என்று சிலர் சொல்வார்கள். டெபியன் 13 ஆன ட்ரிக்ஸிக்கு 2025 மே 15-ல் ஹார்ட் ஃப்ரீஸ் தொடங்கி ஆகஸ்ட் 9-ல் வெளியீடு முடியும்வரை நானும் அந்த ஓட்டத்தில்தான் இருந்தேன். காரணம் எழுதப்பட்டிருந்த வழுக்களைத்தான் அப்போது என்னால் வேகமாக முடிக்க முடிந்தது. மற்றவற்றில் முதல் வேலையே, இது ஏன் இங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதாக இருந்தது.

இந்த மடலை எழுதத் தொடங்குவதற்கு முன் என் நான்கு பேக்கேஜ்களின் பழைய வழுக்களைத் திறந்து பார்த்தேன். ஒரு வார்த்தை எழுதாமல் நான் இறக்கியவை பதினொன்று. அவற்றில் ஒன்று, பார்வையில்லாத ஒருவர் பதிந்தது. திரைவாசிப்பான் எங்கள் பட்டன்களின் பெயரைப் படிப்பதில்லை, எல்லாவற்றையும் 'பட்டன், பட்டன்' என்றே சொல்கிறது, எது சேமிப்பது, எது அழிப்பது என்று தெரியவில்லை என்று பொறுமையாக எழுதியிருந்தார். நான் அதை விஷ்லிஸ்ட் ஆக்கியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுதினேன், மன்னிப்புக் கேட்டேன், 'எல்லோருக்கும்' என்ற அந்தச் சொல்லைக் காட்டி இம்பார்ட்டன்ட் என்று மாற்றினேன், எந்தப் பதிப்பில் திருத்தப் போகிறேன் என்றும் சொன்னேன். சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று இன்று காலை பதில் வந்திருக்கிறது. மீதி பத்துக்கும் இந்த வாரக் கடைசிக்குள் எழுதிவிடுவேன்.

அன்புடன்,
நான்கு சின்ன பேக்கேஜ்களின் பராமரிப்பாளர்,
மதுரை